கேள்விப்படாத துடக்கு

மலாயாவுக்குக் கப்பலேறினால் போதும், அதற்குப் பிறகு கவலையே இல்லை என்று யாழ்ப்பாணத்தில் எவன் முதலில் சொல்லிவைத்தானோ, அவன் நாசமாய்ப் போக. சுழிபுரத்துப் புகையிலைத் தோட்டக்காரர் விசுவலிங்கமும் அந்தப் பேச்சை நம்பினார். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் ஏரம்பமூர்த்தி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று பேரெடுத்தவன். ஜொகூர் பாருவில் விசுவலிங்கத்தின் பெரியப்பா மகன் கனகசுந்தரத்தார் அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்தார். பொடியனை அனுப்பு, இங்கே இங்கிலிஸ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துச் சோதனை பாஸ் பண்ணவைத்து உத்தியோகமும் எடுத்துத் தருகிறேன் என்று அவர் எழுதினார். பதினேழு வயதுப் பிள்ளை ஒரு தகரப் பெட்டியோடு புறப்பட்டான்.

யாழ்ப்பாணம் ரயில் ஸ்டேசனில் தாய் கத்திக் குழறினாள். தகப்பன் அழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, நாலு அடி நடந்தால் இளைக்கிற மனிதர் அவர். மகனை ஒரு தூணோரமாகக் கூட்டிப்போய் ஒரேயொரு விசயம் சொன்னார்.

"நான் செத்தால் கொள்ளிக்கு நீ வந்து சேரமாட்டாய். அது எனக்குத் தெரியும். அந்தியேட்டியை எண்டாலும் நீதான் செய்யவேணும். வேற ஒருத்தன்ர கை எனக்கு வேண்டாம்."

அந்தியேட்டி என்பது முப்பத்தோராம் நாள் மகன் கடற்கரையில் செய்து முடிக்கிற கடைசிக் காரியம். அதைச் செய்துவைக்க ஒரு ஐயரும் இறங்கிக் குளிக்க ஒரு கடலும் இருந்தால் எந்தத் தேசத்திலும் செய்யலாம். மூர்த்தி தலையை ஆட்டினான். அந்த வயதில் எந்தப் பிள்ளைதான் அதற்கு வேறு பதில் சொல்லும்?

சிங்கப்பூரையும் ஜொகூரையும் பிரிக்கிற கடலில் பாலம் போட்டு ரயில் நேரே வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஜொகூர் பாருவில் இறங்கிய அன்றே மழை. மறுநாளும் மழை. பெரியையா கனகசுந்தரத்தாரின் வீடு ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட, கால் நட்டுத் தூக்கிக் கட்டிய பலகை வீடு. மூர்த்திக்கு முன்விறாந்தையில் ஒரு கட்டில் போட்டார்கள். சாரல் அடித்தால் கட்டிலை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே இழுத்தால் நடக்க வழியில்லை என்று பெரியம்மா அன்னபாக்கியம் முணுமுணுப்பார். ஊரில் குத்தரிசிச் சோறு தின்ற வயிறு இந்த வெள்ளைச் சோற்றுக்குப் பழக மறுத்தது. எவ்வளவு தின்றாலும் பசித்தது. இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று கேட்க வெட்கம் விடவில்லை.

பள்ளிக்கூடக் கூத்தைக் கேளுங்கள். ஊரில் இங்கிலிஸ் வாசிப்பில் முதலாவதாக வந்தவன். இங்கே வாத்தியார் கேட்ட கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை. கொண்டுபோய் நாலாம் வகுப்பில் இருத்திவிட்டார்கள். பக்கத்தில் பத்து வயதுச் சீனப் பொடியன், முன்னால் பதினொரு வயது மலாய்ப் பொடியன். மேசைக்குக் கீழே கால் போகாது. காலை வழியில் நீட்டினால் பிரம்படி. முளைவிட்ட மீசையைக் கண்டு பொடியன்கள் அவனுக்கு 'டத்தோ' என்று பேர் வைத்தார்கள். அது மலாயில் பாட்டன் என்று தெரியவர இரண்டு கிழமை பிடித்தது. அதுவரை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான், பாவம். கிழமை நாட்கள்கூட அவனுக்கு எதிராகவே நின்றன. இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். முதல் ஞாயிறு வீட்டில் படுத்துக் கிடந்து, திங்கட்கிழமை அதற்கும் அடி வாங்கினான்.

வீட்டில் படிக்க நேரம் கிடைத்தால்தானே. விடியத் தண்ணீர் அள்ள வேண்டும், விறகு பிளக்க வேண்டும், மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியையாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கந்தோருக்குக் கொண்டு ஓட வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, சொந்த வீட்டுப் பிள்ளையிடம் வாங்குகிற வேலையைத்தான் வாங்கினார்கள். ஆனால் இரவில் புத்தகத்தை விரித்தால் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. இந்தப் படிப்பு எனக்கு வராது, வெறுங்கையோடு ஊருக்குப் போகவும் முடியாது என்று போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பான்.

அந்த வீட்டில் அவனை ஒரு மனிதப் பிறவியாகப் பார்த்தது தவமணிதேவி மட்டும்தான். பெரியையாவின் ஒரே பிள்ளை. மலாயாவில் பிறந்தவள், மலாய் தண்ணீர் பட்ட பாடு. பின்னேரங்களில் அரிசி புடைத்துக்கொண்டே அவனுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தாள். அவன் பிழையாகச் சொன்னால் சுளகைத் தட்டிச் சிரிப்பாள். பிறகு சோற்றைக் குவித்துப் போடுவாள். கூடப் பிறந்த அக்காவிடம் பேசாததை எல்லாம் அவளிடம் பேசினான்.

அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அது சின்ன விசயமில்லை. முந்திய வருடம் நிச்சயித்த கலியாணம் நின்றுபோனது. பெரியையாவின் தகப்பனார் ஊரில் கண்ணை மூடியதாகத் தந்தி வந்தபோது பந்தல்கால் நட்டாயிற்று. செத்தவீடு நடந்தால் ஆண்வழிப் பங்காளிகள் எல்லோருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்குள் சாமிக்கு விளக்கேற்றக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, கலியாணம் என்ற பேச்சே இல்லை. பெரியையா தன் கையாலேயே பந்தலைப் பிரித்தார். மனுசன் என்றால் அவர்தான் என்று ஊர் முழுக்கப் பேசியது. மாப்பிள்ளை வீட்டார் மட்டும் காத்திருக்கவில்லை, வேறிடத்தில் கட்டிவிட்டார்கள். பேர் அப்பனுக்கு, ராசியில்லாதவள் என்ற பழி மகளுக்கு.

இப்போது மூவாரிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெசர். அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள், இந்தமுறையும் ஏதாவது தடங்கல் வந்தால் நாங்கள் சாமி சொன்னதாக எடுத்துக்கொண்டு விலகிவிடுவோம் என்று. பெரியம்மா நாளுக்கு நாலு தடவை நேர்த்தி வைத்தார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் ஊரிலிருந்து ஒரு சுருட்டு வியாபாரி மூலமாக வருகிறது, போய் வாங்கிவா என்று மூர்த்தியை ஸ்டேசனுக்கு அனுப்பினார்கள். வியாபாரி சிங்கப்பூரிலிருந்து வந்த ரயிலில் குளுவாங் போகிறவர். இறங்கிப் பெட்டியைக் கொடுத்தவர், பொடியனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார்.

"நீர் விசுவலிங்கத்தாற்ர மகனெல்லோ. என்ன செய்யிறது தம்பி, நல்ல மனுசன். எட்டுச் செலவுக்கு நானும் போனனான். கொம்மா கிடந்து துடிச்ச துடி பாக்கேலாது."

மூர்த்தி பெட்டியைக் கீழே வைத்தான். எட்டுச் செலவு என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. செத்த எட்டாம் நாள் சொந்தக்காரர் கூடிப் படைக்கிறது. அவன் வாயிலிருந்து வந்தது ஒரு சொல்தான்: "எப்ப?"

மனிதருக்கு அப்போதுதான் விளங்கியது, இந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது என்று. தலையில் அடித்துக்கொண்டார். திகதியைச் சொன்னார். வீட்டுக்கு வந்து பெரியையாவிடம் நானே கதைக்கிறேன் என்றார். அவன் அவர் கையைப் பிடித்து, ஒருவரிடமும் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அந்த நிமிசத்தில் அவனுக்கே தெரியாது. ரயில் ஊதியது. அவர் ஏறிக்கொண்டார்.

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடக்கவில்லை, கடற்கரைப் பக்கம் நடந்தான். அழ இடம் தேடினான். வழியெல்லாம் ஆட்கள். பாலத்தில் லாரி, கரையில் மீன்காரர், மரத்தடியில் ரிக்சாக்காரர். ஒரு கல்லில் இருந்து விரலில் எண்ணிப் பார்த்தான். முப்பத்தோராம் நாள், கலியாணத்துக்கு மறுநாளுக்கு மறுநாள் வந்தது.

சொன்னால் என்ன நடக்கும்? பெரியையாவும் பங்காளி. அவர் காதில் விழுந்த நிமிசமே அவருக்குத் துடக்கு. தன் கையால் ஒருமுறை பந்தலைப் பிரித்தவர் இரண்டாம் தடவை யோசிக்கவா போகிறார்? மூவார்க்காரர் விலகிவிடுவார்கள். தவமணியக்காவின் வாழ்க்கை அதோடு சரி. சொல்லாவிட்டால்? தூரதேசத்தில் இருப்பவனுக்குச் செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு என்று ஊரில் ஐயர்மார் சொல்லக் கேட்டிருக்கிறான். கேள்விப்படாதவனுக்குத் துடக்கில்லை. அப்படியென்றால் இப்போதைக்குத் துடக்கு அவன் ஒருவனுக்கு மட்டும். வாயைத் திறக்காதவரை அந்த வீடு சுத்தம். கலியாணம் முடிந்தபிறகு சொல்லலாம். கலியாணம் செய்துவைக்கச் சிங்கப்பூரிலிருந்து வருகிற ஐயரை இரண்டு நாள் மறித்து வைத்து, இதே கடலில் இறங்கித் தன் ஐயாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடலாம். அந்த ஒரு வாக்கை மட்டும் காப்பாற்றிவிட்டால் போதும்.

பதினேழு வயதுப் பிள்ளை தனியே கல்லில் இருந்து போட்ட கணக்கு இது. பெரிய மனிதர்கள் போடுகிற கணக்குகளைவிட மோசமில்லை.

வீட்டுக்குள் போனபோது குசினியில் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தவமணி முதலாவதை எடுத்து ஊதி அவன் கையில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் அதைத் தின்றான். எப்படி விழுங்கினானோ, அவனுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து அவன் சாமியறைப் பக்கம் போகவில்லை. திருநீறு பூசவில்லை. வயிற்றுக்குச் சரியில்லை என்று சொல்லி விறாந்தையிலேயே சாப்பிட்டான். பலகாரச் சட்டிகளைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சேர்ந்து இவனும் வேதக்காரனாகிவிட்டான் என்று பெரியம்மா பகிடி பண்ணினார். வீட்டுக்கு வந்த பெண்டுகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்யாததற்கு வாத்தியார் உள்ளங்கையில் அடித்தபோது, இந்தச் சாட்டிலாவது அழுதுவிடலாம் என்று கையை நன்றாக நீட்டிக் கொடுத்தான். கண்ணீர் வரவில்லை. ஐயா கடைசியில் யாரைக் கேட்டிருப்பார், யார் தண்ணீர் கொடுத்திருப்பார் என்று அது ஒன்றையே மனம் திருப்பித் திருப்பி அரைத்தது. ஒருமுறை குளிக்கிற இடத்தில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே 'ஐயா' என்று சொல்லிப் பார்த்தான். கதவுக்கு வெளியே பெரியம்மா, யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார். தேவாரம் பாடுகிறேன் என்றான்.

கலியாணத்துக்கு முதல்நாள் பெரியையா அவனைத் தலைமயிர் வெட்டக் கூட்டிப்போனார். வீரமுத்து என்ற சலூன்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். கதிரையில் இருந்ததும் மூர்த்தி மெல்லிய குரலில் மொட்டை அடியுங்கோ என்றான். வீரமுத்துவின் கத்தரிக்கோல் நின்றது. குனிந்து அவன் காதோடு கேட்டார்.

"அப்பாவா தம்பி, அம்மாவா?"

அவன் கண்ணாடியில் பெரியையாவைப் பார்த்தான். வாங்குப் பலகையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியையா, கலியாண வீட்டில் மொட்டைத் தலையோடு நிற்கவா போகிறாய் என்று அங்கிருந்தே அதட்டினார். வீரமுத்து கிராப்பு வெட்டினார். வெட்டி முடித்ததும் ஈரத் துணியால் அவன் முகத்தை வழக்கத்தைவிடக் கனநேரம் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை முகூர்த்தம். தவமணிக்கு ஆண் சகோதரம் இல்லை. தோழனாக நிற்கச் சிரம்பானிலிருந்து பெரியம்மாவின் தமையன் மகன் வருவதாக ஏற்பாடு. தோழன்தான் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் பெய்த மழையில் தண்டவாளம் தண்ணீருக்குள் போய்விட்டது, அந்த ரயில் வராது என்று விடியவே ஸ்டேசனிலிருந்து ஆள் வந்து சொன்னான். பெரியம்மா கவலைப்படவே இல்லை. நமக்கு மூர்த்தி இருக்கிறானே, அவன் கழுவட்டும் என்று பட்டு வேட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பெரியையா பக்கத்தில்தான் நின்றார்.

மூர்த்தி வேட்டியைக் கட்டிலில் வைத்தான். ஒதுங்கி நின்றது ஒன்று, தொடுவது வேறு. துடக்குக் கையால் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அந்தக் கையால் அவரை மணவறைக்குக் கூட்டிவந்தால், பாவம் யார் தலையில் விடியும்? அக்காவுக்கு ஒன்று நடந்தால் அது அவனால்தானே? அவன் அப்படித்தான் நம்பினான். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். இனி மறைக்க வழியில்லை. பெரியையாவை விறகுக் கொட்டிலின் பின்பக்கம் கூப்பிட்டான்.

"பெரியையா, நான் கால் கழுவக்கூடாது. எனக்குத் துடக்கு. ஐயா போயிட்டார்."

பெரியையா திடுக்கிடவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறந்துவிட்டு, "ஆர் உனக்குச் சொன்னது?" என்றார்.

அந்தச் சில கிழமைகளாகப் பெரியையாவும் முழங்கால் உளைவு என்று சொல்லிச் சாமியறைக்குள் போகாமல் இருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"தந்தி வந்து நாலு கிழமையாகுது," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் சொல்லாட்டி உனக்குத் துடக்கில்லை. உன்ர பெரியம்மாவுக்குமில்லை, பிள்ளைக்குமில்லை. என்ர துடக்கு என்னோட கிடக்கட்டும், வாற பாவத்தை நான் சுமக்கிறன் எண்டிருந்தன். இன்னொருக்கால் பந்தலைப் பிரிக்க என்னால ஏலாது, மூர்த்தி."

ஒரே கணக்கை ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள். அவன் கோபப்படக்கூட மறந்துபோய் நின்றான். பிறகு தன்னிடம் மிச்சமாக இருந்த ஒன்றை மட்டும் கேட்டான். நாளை மறுநாள் அந்தியேட்டி, ஐயரை மறித்து வையுங்கள், இங்கே கடலில் நான் செய்கிறேன் என்றான். அது ஐயா என்னிடம் கேட்டது என்றான்.

பெரியையா வேறு பக்கம் பார்த்தார். "அது ஊரில, கீரிமலைக் கடலில கொத்தான் செய்யிறான். நான்தான் தந்தி அடிச்சு ஒழுங்கு பண்ணினன். ஒருத்தருக்கு ரெண்டு இடத்தில செய்யக்கூடாது."

அத்தான் செய்கிறார். அக்காவின் புருசன். வேற ஒருத்தன்ர கை. மூர்த்தியின் தொண்டைக்குள் ஒரு கூக்குரல் எழுந்து வந்து பல்லில் முட்டி நின்றது. பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். ஒரு கத்துக் கத்தினால் போதும், ஐயர் தர்ப்பையைக் கழற்றிவிட்டு எழுந்துவிடுவார். கத்தவேண்டும் என்றுதான் நினைத்தான். கத்தியிருந்தால் யார் அவனைக் குற்றம் சொல்ல முடியும்? குசினி யன்னலுக்கு அந்தப் பக்கம், கூறைச் சேலையில் தவமணி குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை," என்றார் பெரியையா. "முகத்தைக் கழுவிப்போட்டு வா. மாப்பிள்ளை வந்திட்டார்."

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. மூர்த்தி பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, செம்பும் தாம்பாளமுமாகப் போய் மாப்பிள்ளையின் முன்னால் குந்தினான். தண்ணீரை ஊற்றினான். வலது காலைக் கையில் ஏந்தியபோது, ஒரு கிழமையாக வராத கண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. அந்தக் காலின்மேல் சொட்டியது. துடைக்க நினைத்தால் இரண்டு கையும் ஈரம். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது. மேளக்காரர் வாசிப்பைத் தணித்தார்கள். மாப்பிள்ளை மிரண்டுபோய்க் காலை இழுத்தார். மூவார்ப் பெண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏன் அழுகிறான், ஏதும் கெட்ட சகுனமா என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

பெரியையா முன்னால் வந்தார். மூர்த்தியின் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"தமக்கையில சரியான வாரப்பாடு. இனி அவள் மூவாருக்குப் போயிடுவாளெல்லோ, அதுதான் பொடியன் தாங்கமாட்டாமல் அழுகிறான்."

பெண்டுகள் உச்சுக்கொட்டினார்கள். சொந்தத் தம்பிகூட இப்படி அழமாட்டான் என்றாள் ஒரு கிழவி. மாப்பிள்ளைக்கும் மனம் இளகிவிட்டது. குனிந்து அவன் விரலில் தோழன் மோதிரத்தைப் போட்டுவிட்டு, கவலைப்படாதையும், லீவுக்கு லீவு அக்காவைக் கூட்டிவருகிறேன் என்றார். எல்லோரும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள், பிள்ளை அழுது தீர்க்கட்டும் என்று.

அழலாம் என்று ஆன பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் குழறினான். முதுகில் பெரியையாவின் கை அப்படியே இருந்தது. வாயில் 'ஐயா' என்று வந்த சொல்லை ஒவ்வொரு தடவையும் கடித்து விழுங்கிவிட்டு, "அக்கா, அக்கா" என்றே அழுதான்.